பாடுற கல்லும் பேசாத ஆறும்

காலேஜ்ல மூணாவது வருஷம், மெஷின்ஸ் கிளாஸ். சார் போர்டுல ரெண்டே ரெண்டு நம்பர் எழுதினார். 90.9, 92.3. ஒரே அணை, ஒரே தண்ணி, ஒரே அளவு டர்பைன், ஆனா பாதி மெஷின் நிமிஷத்துக்கு 90.9 சுத்து சுத்துது, மீதி பாதி 92.3 சுத்து சுத்துது, ஏன்னு சொல்லுங்கன்னு கேட்டார். ஒருத்தருக்கும் தெரியல. அவரே சொன்னார், அந்த அணை ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்கு, ஒரு நாட்டுல கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 தடவை அலையுறது, இன்னொரு நாட்டுல 60 ஹெர்ட்ஸ், அதனால ஒரு பக்கத்து ஜெனரேட்டர்ல 66 போல் (காந்த முனை), இன்னொரு பக்கத்துல 78 போல், கணக்கு போட்டுப் பாருங்கன்னுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டார். கணக்கு சரியா வந்துச்சு. ஆனா நான் அடுத்த பாடத்துக்குப் போகல. அன்னிக்கு மனசுல உக்காந்த அணைதான் இட்டைப்பு. பிரேசிலுக்கும் பராகுவேக்கும் நடுவுல ஓடுற பரானா ஆத்துல, ரெண்டு நாடும் சேந்து கட்டினது.

அதுக்கப்புறம் பல வருஷம் அதைப் பத்தி கிடைச்சதெல்லாம் படிச்சேன். வேலை விஷயமா சாவோ பாவ்லோ போற வாய்ப்பு வந்தப்போ, வேலை முடிஞ்சு நாலு நாள் லீவு கேட்டு வாங்கிட்டு, போர்ச்சுகீஸ் தெரிஞ்ச நண்பன் ஒருத்தனையும் இழுத்துக்கிட்டு அணைக்குப் பக்கத்து ஊரான ஃபோஸ் டோ இக்வாசுக்கு ஃப்ளைட் ஏறிட்டேன். அந்த ஊருக்கு வர்றவங்க எல்லாரும் இக்வாசு அருவி பாக்க வர்றாங்க. நாங்க முதல்ல அணைக்குப் போனோம்.

முதல் பார்வையில அது அணை மாதிரியே தெரியல, ஒரு மலையை யாரோ ஸ்கேல் வச்சு வெட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. உயரம் 196 மீட்டர். முகப்புல வரிசையா வெள்ளைக் கலர்ல பெரிய குழாய்ங்க இறங்குது, பென்ஸ்டாக்னு சொல்றது, ஒவ்வொண்ணும் 10.5 மீட்டர் விட்டம், அதாவது மூணு மாடி வீட்டை அப்படியே உள்ள தள்ளிடலாம். மொத்தம் 20. ஒவ்வொரு குழாய்லயும் வினாடிக்கு கிட்டத்தட்ட 700 கன மீட்டர் தண்ணி கீழ டர்பைனுக்குப் போகுது. இதை எப்படி மனசுல பிடிக்கிறதுன்னு யோசிச்சா, பக்கத்துலயே அளவுகோல் இருக்கு. இக்வாசு அருவியில சராசரியா வினாடிக்கு 1500 கன மீட்டர் தண்ணி விழும்பாங்க. அவ்வளவு பேர் உலகம் முழுக்க இருந்து வந்து வாயைப் பொளந்து பாக்குற அந்த மொத்த அருவியும் இங்க ரெண்டு மெஷினுக்குத்தான் ஆகும்.

ஒரு மெஷினுக்கு 700 மெகாவாட், 20க்கும் சேத்து 14,000. ஆரம்பத்துல 18 தான் இருந்துச்சு, 1984ல முதல் மெஷின் ஓட ஆரம்பிச்சு 1991க்குள்ள 18ம் வந்துருச்சு, கடைசி ரெண்டு 2007ல முடிஞ்சுது. 2016ல ஒரே வருஷத்துல 10,310 கோடி யூனிட் உற்பத்தி பண்ணிச்சு. சீனாவோட த்ரீ கார்ஜஸ் அணையில 22,500 மெகாவாட் மெஷின் இருக்கு, இதைவிட எவ்வளவோ பெருசு, ஆனா வருஷக் கணக்குல பல வருஷம் ரெண்டும் கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துலதான் நின்னிருக்கு. காரணம் பரானா. மேல அதுக்கும் அதோட கிளை ஆறுகளுக்கும் வரிசையா அணைங்க இருக்கு, மழைத் தண்ணியை எல்லாம் பிடிச்சு வச்சு வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா விடுதுங்க, அதனால இட்டைப்புல மெஷின் சும்மா நிக்கிற நேரம் ரொம்பக் கம்மி. அந்த அணைங்களும் வறண்டா இதுவும் படுத்துரும், 2021 வறட்சியில உற்பத்தி 2016ல இருந்ததுல மூணுல ரெண்டு பங்குக்குக் கொஞ்சம் கீழேயே போயிடுச்சு.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை விளக்கியே ஆகணும், ஏன்னா நிறைய பேர் நீர்த்தேக்கம்னா பெரிய டேங்க், தண்ணியைச் சேத்து வச்சு வேணும்போது தொறந்து விடுறதுன்னு மட்டும் நினைக்கிறாங்க. இட்டைப்பு நீர்த்தேக்கம் 170 கிலோமீட்டர் நீளம், 1350 சதுர கிலோமீட்டர் பரப்பு, கொள்ளளவு 2900 கோடி கன மீட்டர், டிஎம்சியில சொன்னா ஆயிரத்துக்கு மேல. ஆனா அதோட மட்டம் வழக்கமா பெருசா ஏறி இறங்காது. வர்ற தண்ணி வர வர மெஷின் வழியா போயிட்டே இருக்கும். அப்போ எதுக்கு இவ்வளவு தண்ணியைத் தேக்கி வைக்கணும்? உயரத்துக்காக. கரண்ட் எவ்வளவு கிடைக்கும்ங்கிறது ரெண்டு விஷயம்தான், எவ்வளவு தண்ணி வருது, எவ்வளவு உயரத்துல இருந்து விழுது. அந்த உயரத்தை நாங்க ஹெட்டுன்னு சொல்லுவோம். இங்க ஹெட் கிட்டத்தட்ட 118 மீட்டர். நீர்த்தேக்கத்துல கிடக்குற அந்தத் தண்ணி எல்லாம், மேல வர்ற தண்ணியை 118 மீட்டர் உயரத்துல தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கிற ஒரு மேடை, அவ்வளவுதான்.

சரி, அந்த 118 மீட்டர் எங்க இருந்து வந்துச்சு? அணை கட்டினா உயரம் தானா வந்துரும்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சேன். இல்ல. ஆறு ஏற்கனவே எங்கயோ அவ்வளவு உயரம் இறங்கியிருக்கணும். பரானா எங்க இறங்கிச்சுன்னு மேப்ல ஆத்தைப் பிடிச்சு மேல போனா, 170 கிலோமீட்டர் தாண்டி குவைராங்கிற ஊர்ல போய் நிக்கும்.

அங்கதான் செட்டே கேடாஸ் இருந்துச்சு. ஏழு அருவின்னு அர்த்தம். ஏழு கூட்டமா பதினெட்டு பத்தொன்பது அருவின்னு சொல்லுவாங்க. குவைராவுக்கு மேல பல கிலோமீட்டர் அகலத்துக்கு ஏரி மாதிரி பரந்து வர்ற பரானா, அங்க வந்ததும் ஒரு குறுகலான பாறைப் பள்ளத்துக்குள்ள மொத்தமா விழுந்துச்சு. உயரத்துல உலகத்துலயே பெரிய அருவி எல்லாம் கிடையாது, பெரிய விழுகை 40 மீட்டர்தான். தண்ணி அளவுலதான் அது ராட்சசன். சத்தம் 30 கிலோமீட்டர் தள்ளிக்கூட கேக்கும்னு எழுதி வச்சிருக்காங்க. விழுந்ததுக்கு அப்புறமும் சும்மா இல்ல, அந்தப் பள்ளத்தாக்குல பல கிலோமீட்டர் கொதிச்சுக்கிட்டே இறங்கிட்டே போச்சு. குவைராவுக்கு மேல இருக்கிற மட்டத்துக்கும் அணை நிக்கிற இடத்துக்கும் வித்தியாசம் பாத்தா சுமாரா 120 மீட்டர். இப்போ ஹெட் 118. ரெண்டும் தற்செயலா ஒண்ணா வரல. அங்கங்க பிரிஞ்சு பிரிஞ்சு இறங்கின உயரத்தை எல்லாம் கூட்டி, 170 கிலோமீட்டர் கீழ கொண்டுவந்து, 20 குழாய்க்குள்ள வச்சிருக்காங்க.

என்ஜினியரா நான் இதை முதல்ல புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்க விரும்பல. அருவி அழியல, இடம் மாறியிருக்கு, முன்னாடி சத்தமாவும் நுரையாவும் வீணாப் போன சக்தி இப்போ கம்பியில போகுதுன்னு நானே பல பேர்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன்.

அணைக்குள்ள கூட்டிட்டுப் போற டூர் ஒண்ணு இருக்கு, அதுல போனோம். இட்டைப்பு மெயின் அணை உள்ள கூடு மாதிரி காலியா விட்டுக் கட்டினது, ஹாலோ கிராவிட்டின்னு சொல்லுவாங்க, அப்படி விட்டும் மொத்தம் 1 கோடியே 23 லட்சம் கன மீட்டர் கான்கிரீட் ஆகியிருக்கு. உள்ள நின்னு நிமிந்து பாத்தா ரெண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் மேல மேல போயிட்டே இருக்கு, முடிவு தெரியல. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு நிக்குதுன்னு நினைச்சதும் உள்ளங்கால்ல ஒரு கூச்சம். கண்ட்ரோல் ரூம்ல பிரேசில்காரங்களும் பராகுவேகாரங்களும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து வேலை பாக்குறாங்க, அணை எல்லா விஷயத்துலயும் பாதி பாதி. 10 மெஷின் 50 ஹெர்ட்ஸ், 10 மெஷின் 60 ஹெர்ட்ஸ். ஆனா பராகுவேக்கு அதோட பாதி முழுசும் தேவைப்படல, சின்ன நாடு. ஒப்பந்தப்படி மிச்சத்தை பிரேசிலுக்குத்தான் விக்கணும், வேற யாருக்கும் விக்க முடியாது. ஆனா அது 50 ஹெர்ட்ஸ் கரண்டாச்சே, பிரேசிலுக்கு எப்படிப் போகும்? அதை ஒரே திசையில போற, ஹெர்ட்ஸ் கணக்கே இல்லாத டிசியா மாத்தி, பிளஸ் மைனஸ் 600 கிலோவோல்ட்ல சுமார் 800 கிலோமீட்டர் கொண்டுபோய், சாவோ பாவ்லோ பக்கத்துல திரும்ப 60 ஹெர்ட்ஸ் ஏசியா மாத்துறாங்க. எண்பதுகள்லயே 6300 மெகாவாட்டை இப்படி அனுப்பினது எங்க துறையில இன்னிக்கும் பாடமா நடத்துற விஷயம். விலை விஷயத்துல பராகுவே மக்களுக்கு ரொம்ப வருஷமா மனக்குறை உண்டு, அது நியாயமான குறைன்னுதான் நான் நினைக்கிறேன். 1973 ஏப்ரல்ல அந்த ஒப்பந்தம் கையெழுத்தானப்போ ரெண்டு நாட்டுலயும் ராணுவ ஆட்சி, யாரும் மக்களைக் கேக்கல. 2009ல பராகுவேக்குக் குடுக்குற தொகையை மூணு மடங்கா ஏத்த ஒத்துக்கிட்டாங்க, அணை கட்ட வாங்கின கடன் 2023ல தீந்துச்சு.

மெஷின் ஹாலுக்கு வந்தா அந்தச் சத்தம். காதுல கேக்குறதுக்கு முன்னாடி நெஞ்சுல தெரியுது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல நின்னவங்களுக்குத் தெரியும், கரண்டோட ஃப்ரீக்வென்ஸிக்கு ரெண்டு மடங்குல அது உறுமும், 50க்கு 100, 60க்கு 120. இங்க ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ. கூட வந்த கைடு பொண்ணு இட்டைப்புங்கிற பேருக்கு அர்த்தம் சொன்னாங்க. இந்தப் பகுதிப் பழங்குடிகளோட குவாரானி மொழியில பாடுற கல்லு. இந்த இடத்துல ஆத்து நடுவுல ஒரு சின்னப் பாறைத் தீவு இருந்துச்சாம், தண்ணி மோதி மோதி அது பாடுமாம், அதான் பேரு. நான் இதை முன்னாடியே படிச்சிருந்தேன், ஆனா அந்த உறுமலுக்கு நடுவுல நின்னு கேட்டப்போதான் உறைச்சுது. பேரு குடுத்த கல்லு போச்சு, பேரு மட்டும் இருக்கு.

மறுநாள் பஸ்ல குவைரா போனோம். பாதி நாள் பயணம். ஜன்னல் வழியா அங்கங்க நீர்த்தேக்கம் எட்டிப் பாக்கும், கரையோரமா அணைக்காரங்க நட்டு வளத்த காடு நீளமா ஓடுது. அந்தக் காட்டை நான் மனசாரப் பாராட்டுறேன். பொதுவாவே ஒரு பேச்சுக்கு எடுத்துக்கிட்டா, மூழ்கின நிலத்துக்கும் கிடைச்ச கரண்டுக்கும் கணக்கு பாத்தா இட்டைப்பு நல்ல அணை. அதே பிரேசில்ல அமேசான் காட்டுல பால்பினான்னு ஒரு அணை கட்டினாங்க, 2300 சதுர கிலோமீட்டருக்கு மேல காட்டை மூழ்கடிச்சு கிடைக்கிறது வெறும் 250 மெகாவாட். சமதரையில ஹெட் இல்லாத இடத்துல போய் கட்டினா அப்படித்தான் ஆகும். அது செய்யவே கூடாத தப்பு. இட்டைப்பை அந்த லிஸ்ட்ல சேக்க முடியாது. இதெல்லாம் பஸ்ல நண்பன்கிட்ட நான் வாதம் பண்ணிட்டே வந்தேன், அவன் எதுவும் சொல்லல.

அந்தக் கரையில யார் யார் இருந்தாங்கங்கிறதையும் சொல்லணும். பிரேசில் பக்கம் மட்டும் சுமார் 40,000 பேரைக் காலி பண்ண வச்சாங்க. நிலப்பட்டா இருந்த விவசாயிங்க போராடி ஓரளவு விலை வாங்கினாங்க. அவா குவாரானி பழங்குடிகளுக்குப் பட்டா எங்க இருந்து வரும், ஆத்தங்கரையே அவங்க ஊர், அதுல இடுகாடும் மூழ்கிச்சு, சின்னத் துண்டு நிலத்துல கொண்டுபோய் ஒதுக்கிட்டாங்க. 2025ல தான் பிரேசில் உச்ச நீதிமன்றத்துல ஒரு உடன்பாடு வந்துச்சு, அவங்களுக்கு 3000 ஹெக்டேர் நிலம் வாங்கித் தர்றதாவும், நடந்ததுக்கு மன்னிப்பு கேக்குறதாவும். தண்ணி ஏறினது 1982ல. அன்னிக்குக் கைக்குழந்தையா இருந்தவங்களுக்கு இப்போ நாப்பது தாண்டிருச்சு.

1982 அக்டோபர் 13ஆம் தேதி அணை கட்டும்போது ஆத்தைத் திருப்பி விட்டிருந்த டைவர்ஷன் கால்வாயோட கதவை மூடினாங்க. வருஷக்கணக்குல ஆகும்னு நாம நினைப்போம், 14 நாள், அவ்வளவுதான், மழை நல்லா இருந்ததால நீர்த்தேக்கம் நிரம்பிடுச்சு. அந்த நாட்கள்ல படகுல ஆளுங்க போய் மரத்துல, திட்டுல மாட்டிக்கிட்ட விலங்குகளைப் பிடிச்சுக் காப்பாத்தினாங்க, மிம்பா குவேரான்னு அந்த வேலைக்குப் பேரு, 36,000க்கும் மேல பிடிச்சதா கணக்கு. அருவியை யாரும் படகுல ஏத்த முடியல. அதுக்கு முந்தின மாசங்கள்ல கடைசியா ஒரு தடவை பாத்துடணும்னு ஜனம் குவிஞ்சிருக்கு. அந்த ஜனவரியில அருவிக்கு மேல போன தொங்கு பாலம் ஒண்ணு அறுந்து, பாக்க வந்தவங்க நிறைய பேர் செத்துப் போயிட்டாங்க. 1961ல தேசியப் பூங்காவா அறிவிச்ச இடம் அது, 1981ல அரசாங்கமே அந்த அறிவிப்பை ரத்து பண்ணிட்டு, அதுக்கப்புறம்தான் தண்ணியை விட்டுச்சு.

எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்த ஒண்ணு, ஏன் அவ்வளவு சுலபமா அதை விட்டுக் குடுத்தாங்கங்கிறது. அதுக்குப் பின்னாடி ஒரு எல்லைத் தகராறு இருந்துச்சு. 1872ல போட்ட எல்லை ஒப்பந்தத்துல கோடு அந்த அருவி கிட்ட வந்து முடியுது, ஆனா எந்த இடத்துலன்னு ரெண்டு நாட்டுக்கும் சண்டை. 1965ல பிரேசில் சிப்பாய்ங்க வந்து அங்க உக்காந்துட்டாங்க. 1966 ஜூன்ல ரெண்டு வெளியுறவு அமைச்சர்களும் பேசி, இங்க இருக்கிற நீர்மின் சக்தியை ரெண்டு பேரும் சமமாப் பங்கு போட்டுக்குவோம்னு கையெழுத்துப் போட்டாங்க. அணைக்கு வித்து அதுதான். சண்டை போட்ட நிலமே தண்ணிக்குள்ள போயிடுச்சு, சண்டையும் போச்சு. போர் வராம ஒரு தகராறு முடிஞ்சதை நான் சின்ன விஷயமா நினைக்கல. ஆனா யாரோட பொருளுன்னு முடிவாகாத ஒண்ணை இழக்கும்போது, இழந்தவங்கன்னு முன்னால வந்து நிக்க ஆள் இருக்காது போல.

இன்னொரு இழப்பு, இது யார் கண்ணுக்கும் தெரியாதது. மீன். அந்த அருவி லட்சக்கணக்கான வருஷமா ஆத்துக்கு ஒரு சுவரா இருந்திருக்கு, கீழ இருந்த மீனுங்க மேல ஏற முடியாது, மேல ஒரு கூட்டம், கீழ ஒரு கூட்டம், தனித்தனியா வளந்துச்சுங்க. தண்ணி ஏறி அருவி மூழ்கினதும் சுவர் போச்சு. 30க்கும் மேல வகை மீன் கீழ இருந்து மேல ஏறிடுச்சு. அதுல ஒரு வகை பிரான்யா, கூரான பல்லோட கடிக்கிற மீன், மேல இருந்த அதோட பங்காளி பிரான்யாவை கொஞ்ச வருஷத்துலயே ஓரங்கட்டிடுச்சு. அணைன்னாலே மீனுக்குத் தடுப்புன்னுதான் நமக்குத் தெரியும், அதுக்காக 2002ல அணைக்குப் பக்கத்துலயே 10 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி 120 மீட்டர் மீன் ஏறிப் போக வழி பண்ணியிருக்காங்க. ஆனா இங்க அணை ஒரு தடுப்பை வச்சு இன்னொரு தடுப்பை எடுத்திருக்கு. கரண்டுக் கணக்கு ஷீட்ல இதுக்கு எந்தக் கட்டமும் கிடையாது, நான் போட்ட கணக்குலயும் இல்ல.

குவைராவுல நாங்க தங்கின லாட்ஜ் அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். எதைப் பாக்க வந்தீங்கன்னு கேட்டாங்க. நண்பன் போர்ச்சுகீஸ்ல, அருவி இருந்த இடத்தைப் பாக்க வந்தோங்கம்மா, எங்க போனா தெரியும்னு கேட்டான். படகுல போங்க தம்பி, அது மேலயேதான் போகும், ஆனா தெரியாதுன்னு சொன்னாங்க. நீங்க பாத்திருக்கீங்களாம்மான்னு கேட்டதுக்கு, பாத்திருக்கேன்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் சாவியைத் தேடினாங்க. அப்பா அடிக்கடி கூட்டிட்டுப் போவாராம். அங்க போயிட்டு வந்தா துணி எல்லாம் ஈரமா இருக்கும், மழையே பெய்யாம நனைஞ்சு வருவோம், அம்மா திட்டுவாங்க, எனக்கு அதுதான் ஞாபகம் இருக்குன்னாங்க. எப்படி இருக்கும்னு அவங்க சொல்லவே இல்ல, நாங்களும் கேக்கல.

சாயங்காலம் படகுத்துறைக்குப் போனோம். தண்ணி தட்டையா கிடந்துச்சு. அகலம்னா அப்படி ஒரு அகலம், தூரத்துல எதிர்க்கரைக்குப் போற பாலம் கோடு மாதிரி தெரிஞ்சுது. ஒரு நாரை நின்னுச்சு. இந்தத் தண்ணிக்குக் கீழ அந்தப் பள்ளம் அப்படியே இருக்கு, அதுக்குள்ள ஆறு இப்பவும் மெதுவா போயிட்டுதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். இடம் மாறியிருக்கு, அழியலன்னு பல பேர்கிட்ட சொன்ன வாக்கியத்தை நண்பன்கிட்ட அங்க ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். சொல்ல வரல. நேத்து அணையில பாத்தது பொய்யில்ல, அந்தக் கரண்டுல எத்தனை ஆஸ்பத்திரி ஓடுதுன்னு தெரியும், 2009 நவம்பர்ல புயல்ல லைன் அடிபட்டு இட்டைப்போட எல்லா மெஷினும் ஒரே நேரத்துல நின்னப்போ பராகுவே முழுக்கவும், பிரேசில்ல கோடிக்கணக்கான ஜனமும் ராத்திரி இருட்டுல தவிச்சதும் தெரியும். இந்த அணையைக் கட்டியிருக்கக் கூடாதுன்னு என்னால இப்பவும் சொல்ல முடியல. ஆனா இடம் மாறினது உயரம் மட்டும்தான். அருவி இங்க இருந்துச்சு, இப்போ இல்ல. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு.

நண்பன் என்னடா யோசிக்கிறன்னு கேட்டான். ஒண்ணுமில்லன்னு சொன்னேன். இருட்ட ஆரம்பிச்சுது, பாலத்துல விளக்கு ஒவ்வொண்ணா எரிஞ்சுது. அலை அடிக்கிற சத்தம்கூட இல்ல. படகுத்துறை ஓரமா ஒரு கம்பத்துல சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்துச்சு, அது உறுமுறது மட்டும் கேட்டுச்சு, வினாடிக்கு 120 தடவை. நாங்க லாட்ஜுக்குத் திரும்பி நடந்தோம்.